காலா காடியில் பிரட்டு

சுனாமி அன்று எல்லா ஊருக்குள்ளும் கடல் வந்தது; வந்த கடல் திரும்பியும் போயிற்று. காலா காடிக்குள் வந்த கடல் மட்டும், வந்த காரியம் மறந்துபோய், முருகையாவின் நெல் வயலிலேயே உட்கார்ந்துவிட்டது. நிலம் ஓர் ஆள் உயரம் கீழே இறங்கிவிட்டது, இனித் தண்ணீர் போகாது என்று பிறகு வந்த படிப்பாளிகள் சொன்னார்கள். முருகையா நம்பவில்லை. விருந்தாளி என்றாவது ஒருநாள் செருப்பை மாட்டத்தானே வேண்டும் என்று வரப்பில் காத்திருந்தார். கடல் செருப்பே போட்டு வரவில்லை போலிருக்கிறது.

காடி என்றால் அந்தமானில் பேசுகிற இந்தியில் உப்பங்கழி. போர்ட் பிளேயருக்கு வேறு பெயர் வைத்த பிறகும் ‘போர்ட் பிளேயர், போர்ட் பிளேயர்’ என்றே கூவுகிற டவுன் பஸ்ஸில் ஏறி, கடைசி நிறுத்தத்தில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் காலா காடி. வயல் இருந்த இடத்தில் இப்போது கோரையும் சேறும் உப்புத்தண்ணீரும். ஓரத்தில் அலையாத்திக் காடு. நடுவில் பழைய மின்கம்பம் ஒன்று கம்பியில்லாமல் நிற்கும். அதன் உச்சியில் ஒரு மீன்கொத்தி. ஒரே இடத்தில் வருடக்கணக்காக உத்தியோகம் பார்த்த மீன்கொத்தி அது. சாயந்தரம் அது கிளம்பினால்தான் ரேஷன் கடைக்காரர் ஷட்டரை இறக்குவார்.

வயல் போனதும் பறவைகள் வந்தன. கொக்கு, உப்புக்கொத்தி, நீலத் தாழைக்கோழி எல்லாம் வந்தன. அந்தத் தீவுக்கூட்டத்தை விட்டு வெளியே போகாத அந்தமான் கிளுவையும் வந்தது. கண்ணைச் சுற்றிச் சுண்ணாம்பால் வளையம் போட்டது போலிருக்கும், சின்னப் பழுப்பு வாத்து அது. யாராவது ஏறிட்டுப் பார்த்தாலே புதுப்பெண் மாதிரி கோரைக்குள் போய்விடும். குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து உள்ளான்கள் வரும். அவை இறங்குகிற மூலையில் தண்ணீர் சில்லென்று ஐஸாக இருப்பதால், முருகையாவின் மனைவி ஒச்சம்மா பாலையும் மீனையும் கெடாமல் அங்கேதான் வைப்பாள். வீட்டில் ஏன் ஃபிரிட்ஜ் இல்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் அவள் இந்தக் காரணத்தைத்தான் சொன்னாள். கேட்டவர்கள் ஒருவரும் எதிர்த்துப் பேசியதில்லை.

கடைசியாக அரசாங்கம் வந்தது. பறவைகள் காப்பகம் என்று பலகை நட்டார்கள். முருகையாவின் வயலில் நட்டதால், முருகையாவையே தினக்கூலி மஸ்தூராகக் காவலுக்கும் வைத்தார்கள். தன் வயலுக்குள் தானே நுழைந்துவிடாமல் காவல் காத்த ஆள் அந்தத் தீவில் அவர் ஒருவர்தான். கரைமேட்டில் தகரக் கூரையோடு ஒரு குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். அதில் முருகையா, ஒச்சம்மா, ஒச்சம்மாவின் வாத்துகள்.

இருவருமே இலங்கை மலைத்தோட்டத்தில் பிறந்து, பிள்ளைப் பிராயத்தில் கப்பலேறி, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்து, பிற்பாடு காலா காடிக்கு வந்து வயல் வைத்தவர்கள். தோட்டத்து ஆட்களுக்குப் பொழுது சூரியனால் விடிவதில்லை, பிரட்டால் விடியும். இருட்டோடு தகரத்தைத் தட்டுவார்கள். எல்லாரும் களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். கங்காணி பேர் கூப்பிடுவார். கூப்பிட்டதும் குரல் கொடுத்தால் அன்றைக்கு வேலை. அதற்குப் பெயர்தான் பிரட்டு. தாமதமாக வந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாள் வேலை செய்ததாகக் கணக்கு. முழு நாளும் வேலை செய்ய வேண்டும், அது வேறு விஷயம். ஒச்சம்மா கன்னியாக இருந்தபோதும் கல்யாணத்துக்குப் பிறகும் வாங்கிய அரைப்பேர்களை ஒன்றோடொன்று ஒட்டினால் நாலு முழு ஆளைச் செய்துவிடலாம்.

ஆகவே தனக்கென்று வாத்துகள் வாய்த்தபோது அவள் முதல் காரியமாகப் பிரட்டு வைத்தாள். விடிந்ததும் பழைய எண்ணெய் டின்னை வரப்பில் வைத்துத் தட்டுவாள். வாத்துகள் வரிசைக்கு வரும். ஒவ்வொன்றுக்கும் தோட்டத்துப் பேர்.

“சின்னக் கங்காணி!”

“க்வாக்.”

“கணக்கப்பிள்ளை!”

“க்வாக்.”

“ரெங்கம்மா! அடியே ரெங்கம்மா, அங்க என்னாடி சேத்தக் கிண்டிக்கிட்டு? பேர் கூப்புடுறது காதுல வுழல?”

“க்வாக்.”

“பெரிய தொரை!”

பெரிய துரை என்பது வெள்ளை ஆண் வாத்து. எந்நாளும் கடைசியில்தான், தொப்பையை ஆட்டிக்கொண்டு வரும். ஆண் வாத்துக்குக் குரல் எடுபடாது. தலையை மட்டும் ஆட்டும்.

“வாங்க தொரை. ராத்திரி கிளப்புக்குப் போயிட்டு இப்பத்தான் எந்திரிச்சீங்களோ? அரைப்பேர்.”

எல்லாப் பேரும் முடிந்ததும் அவள் குவார்ட்டர்ஸ் பக்கம் திரும்புவாள்.

“முருகையா!”

புருஷன் பேரைச் சொல்லக்கூடாது என்பது மற்ற நேரத்துக்குள்ள வழக்கம். பிரட்டுக்குப் பொருந்தாது என்பது அவள் சட்டம். நாளுக்கு ஒரு தடவை, அந்த வரிசையில் மட்டும்தான் அவர் பேர் அவள் வாயில் வரும். மற்ற நேரமெல்லாம் ‘இந்தாங்க’தான். முருகையா தேத்தண்ணிக் கிளாஸோடு வாசலில் வந்து நின்று, “இருக்கேன்” என்பார்.

“ம், போங்க. வேலையப் பாருங்க” என்பாள். அதைக் கேட்ட பிறகுதான் வாத்துகள் தண்ணீரில் இறங்கும். அதற்கு முன்னால் இடி விழுந்தாலும் ஒன்றும் வரிசையை விட்டு நகராது. ஒருமுறை இடி விழுந்தே விட்டது, நகரவில்லை.

இந்த ஒழுங்கைக் கோரைக்குள்ளிருந்து கிளுவைகள் பார்த்துக்கொண்டே இருந்தன. ஒருநாள் ஒன்று வந்து வரிசைக் கடைசியில் நின்றது. மறுவாரம் கூட்டமாக வந்தன. மனிதனைக் கண்டால் மறைகிற ஜாதி, ஒச்சம்மாவின் காலடியில் கழுத்தை நீட்டி நின்றது. அவற்றுக்கு அவள் பேர் வைக்கவில்லை. “வெளியாளுங்களா, ஒழுங்கா நில்லுங்க” என்பாள், அவ்வளவுதான். பிறகு தாழைக்கோழிகள் சேர்ந்தன. ஒருதடவை ஒரு முதலையும் வந்து வரிசையில் படுத்துக்கொண்டது. “ஆள் எடுக்கல. நாளைக்கி வா” என்று ஒச்சம்மா சொன்னாள். அது மறுநாள் வந்து, மறுபடியும் அதே பதிலைக் கேட்டு, மனம் வெறுத்து மாயாபந்தர் பக்கம் போய்விட்டது.

இப்படி இருக்கையில், ஒருநாள் காலைப் பிரட்டு முடிந்து வாத்துகள் வேலைக்குப் போன பிறகு, மத்தியானம் துணி அலசிக்கொண்டிருந்த ஒச்சம்மா அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். இதயம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

ஹட் பே ஊரிலிருந்து மகள் நளினி கப்பலில் வந்து அழுதாள். வந்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். முருகையா அழவில்லை. ‘அழுதுருங்கப்பா, அழுதுருங்க’ என்று நளினி தோளைப் பிடித்து உலுக்கினாள். அவர் சரி என்று தலையாட்டினார். பிறகு மறந்துவிட்டார்.

அன்று சாயந்தரம் வாத்துகளை வீட்டுக்குக் கூப்பிடுகிற தகரத்தை யாரும் தட்டவில்லை. வாத்துகள் கோரைக்குள்ளேயே தங்கிவிட்டன. அவற்றின் கணக்கில் அந்த நாள் இன்னும் முடியவில்லை.

முருகையாவுக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான். வேலைக்குப் போனார், வந்தார். அடுப்பிலிருந்த சட்டியை வெறுங்கையால் இறக்கினார்; சுட்டதாகத் தெரியவில்லை. சர்க்கரை டப்பா என்று நினைத்து உப்பு டப்பாவைத் திறந்து, நாள்தோறும் தேத்தண்ணியில் இரண்டு கரண்டி உப்புப் போட்டுக் குடித்தார். வித்தியாசம் ஒன்றும் புலப்படவில்லை. அவரைக் கடித்த கொசுக்கள் சிறிது நேரம் மரத்துப்போய் அந்தரத்தில் அசையாமல் நின்றன. ஒருநாள் படகில் அவர் உட்கார்ந்திருந்த இருப்பைப் பார்த்து ஒரு கொக்கு கட்டை என்று நினைத்து அவர் தலையில் இறங்கி, வெயில் சாயும் வரை மீனுக்குக் காத்து நின்றது. கொக்கைக் குறை சொல்ல முடியாது. அவரும் அதை விரட்ட வேண்டுமென்று நினைக்கவில்லை.

அப்போதுதான் ரேஞ்சர் சந்திரசேகர் ஜீப்பில் வந்தார். திருநெல்வேலிக்காரர். மாற்றலாகி வந்து வருடங்களாகியும் நாக்கு இன்னும் தாமிரபரணியை விட்டு இறங்கவில்லை.

“முருகையாண்ணே, சாப்பிட்டியளா?”

“ம்.”

“மெயின்லேண்டுல இருந்து கமிட்டி வருது. வைஜெயந்தி மேடம்னு பெரிய சயின்டிஸ்ட். நம்ம காப்பகத்தப் பாத்து ரிப்போர்ட் எழுதப் போறாவ. கேட்டியளா?”

“ம்.”

“காட்டு வாத்து இருக்க எடத்துல வளர்ப்பு வாத்து ஒண்ணுகூட இருக்கக் கூடாது. நோய் ஒட்டிரும், இனம் கலந்துரும்னு சட்டம். அக்காவோட வாத்து இன்னும் உள்ளதான கெடக்கு? அதுல ஒண்ண அந்த அம்மா பாத்துட்டாவன்னு வைங்க, என் வேல போறது இருக்கட்டும், ஒங்க வேலயும் போவும், இந்தக் குவார்ட்டர்ஸும் போவும். அதுக்கு முன்னால பிடிச்சு வெளியேத்திரணும்.”

“சரிங்க.”

“அபர்டீன் பஜார்ல மெஸ் வச்சிருக்கானே குணா, அவன்கிட்ட சொல்லியிருக்கேன். அவன் எடுத்துக்கிடுவான்.”

ரேஞ்சர் கொஞ்சம் தயங்கினார். “கறிக்குத்தான்ணே. வேற யாரும் வாங்க மாட்டேங்காவ. ஒங்களுக்கு வருத்தம் ஒண்ணும் இல்லையே?”

முருகையா வருத்தம் இருக்கிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தார். வைத்த இடத்தில் இல்லை.

“எடுத்துக்கச் சொல்லுங்க” என்றார்.

மறுநாள் குணா வந்தான். போர்ட் பிளேயரிலேயே பிறந்த பிள்ளை. கையில் கோணிப்பை, கண்ணில் மசாலா.

“க்யா பெரியவரே, எது இளசு, எது முத்தல்? அந்த வெள்ளை கிழம்போல இருக்கே. டென்ஷன் நஹி, குக்கர்ல ஒரு விசில் ஜாஸ்தி வெச்சா பூவா வெந்துரும்.”

“அது பெரிய தொரை” என்றார் முருகையா, தகவலுக்காக.

குணா சேற்றில் இறங்கினான். முழங்கால் வரை போனது, இடுப்பு வரை போனது. கோரைக்குள் க்வாக் என்று ஒரு சத்தம். அந்தப் பக்கம் திரும்பினால் எதிர்ப் பக்கம் க்வாக். அவனை மூங்கில் போட்டு மேலே இழுத்தபோது இடது செருப்பு உள்ளேயே நின்றுவிட்டது. அந்தச் செருப்பில் அடுத்த மாதம் ஒரு தாழைக்கோழி குஞ்சு பொரித்தது.

ரேஞ்சர் ஒச்சம்மாவின் டின்னை எடுத்துத் தானே தட்டினார். ஒன்றும் வரவில்லை. முருகையாவிடம் பேர்களைக் கேட்டுக்கொண்டு கூப்பிட்டார்.

“சின்னக் கங்காணி! ஏல, கங்காணி!”

கோரை விலகிற்று. ஒரு வாத்துத் தலை வெளியே வந்து ரேஞ்சரை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது.

“நீங்க கூப்பிட்டாத்தான் வரும்போல. ஒரு வாட்டி கூப்பிடுங்கண்ணே.”

முருகையா வாயைத் திறந்தார். குரல் இருந்தது. கூப்பிடத்தான் தோன்றவில்லை. திரும்ப மூடிக்கொண்டார்.

“நாளைக்குக் காலைல கமிட்டி வருது” என்றார் ரேஞ்சர். குரல் தழுதழுத்தது. அங்கே தழுதழுத்த குரல் அது ஒன்றுதான். “எனக்குப் பொம்பளப் பிள்ள ரெண்டு இருக்கு. அவ்வளவுதான் சொல்லுவேன்.”

விடிந்தது. ரேஞ்சரும் குணாவும் கமிட்டிக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். குணா ஒற்றைச் செருப்போடு, இரண்டு கோணிப்பையோடு வந்திருந்தான். முருகையா டின்னைத் தூக்கிக்கொண்டு வரப்புக்குப் போனார். போ என்றார்கள், போனார். மனசை மாற்றிக்கொண்டதாக யாரும் நினைக்க வேண்டாம். மாற்றுவதற்கு அது அங்கே இருக்க வேண்டுமே.

தட்டினார். சத்தம் தண்ணீர் மேல் ஓடி, அலையாத்திக் காட்டில் மோதித் திரும்பி வந்தது.

“சின்னக் கங்காணி” என்றார். எத்தனையோ நாளாக ‘ம்’மும் ‘சரி’யும் சொல்லிவந்த தொண்டை. துருப்பிடித்த கேட் திறக்கிற மாதிரி வந்தது.

“க்வாக்.”

கோரை முழுக்க அசைந்தது. சின்னக் கங்காணி வந்தது. கணக்கப்பிள்ளை வந்தது. ரெங்கம்மா சேற்று மூக்கோடு ஓடி வந்தது. அவற்றின் பின்னாலேயே கிளுவைகள் வந்தன, பத்து இருபது என்றில்லை, அந்தத் தீவில் எத்தனை உண்டோ அத்தனையும். இதுவரை வரிசையில் சேராமலிருந்தவை, மற்ற காடிகளிலிருந்து கேள்விப்பட்டு வந்தவை, எல்லாம் வரப்பின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. தாழைக்கோழிகள் இரண்டாம் வரிசை. கொக்குகள் உயரமாதலால் பின்னால். சைபீரிய உள்ளான்கள் விருந்தாளிகள் என்பதால் ஓரமாக. மின்கம்பத்தில் மீன்கொத்தி எழுந்து நின்றது.

“பெரிய தொரை.”

கூட்டம் வழிவிட்டது. துரை தொப்பையை ஆட்டிக்கொண்டு வந்து, தன் இடத்தில் நின்று, தலையை ஆட்டியது.

“அரைப்பேர்” என்று முருகையாவின் வாய் தானாகச் சொன்னது.

“பாஸ், பாஸ், ஆ கயா, எல்லாம் வந்துருச்சு!” என்று குணா கோணியை விரித்துக்கொண்டு பாய்ந்தான். ஒரு பறவையும் நகரவில்லை. குனிந்து கைக்கு அகப்பட்டதை அள்ளினான்.

“ஏல, விடுல அத!” என்று ரேஞ்சர் அலறினார். “கண்ணப் பாரு, வெள்ள வளையம்! கிளுவைல அது! தொட்டா ஜாமீன் கிடையாதுல, ஏழு வருசம் உள்ள!”

குணா நெருப்பைத் தொட்டவன் போல விட்டான். கிளுவை இறகைச் சரிசெய்துகொண்டு பழைய இடத்திலேயே நின்றது. வளர்ப்பு வாத்துகள் நெருக்கியடித்த கிளுவைக் கூட்டத்தின் நட்ட நடுவில் இருந்தன. எங்கே கை வைத்தாலும் ஜெயில்.

அந்த நேரம் பார்த்துக் கமிட்டியின் ஜீப் வந்து நின்றது.

வைஜெயந்தி மேடம் தொப்பியும் தொலைநோக்கியுமாக இறங்கினாள். கூட இரண்டு பேர். தொலைநோக்கியைக் கண்ணுக்குக் கொண்டு போனவள், தேவையில்லை என்று கீழே இறக்கினாள். கிளுவைகள் அவள் ஷூவுக்கு முன்னால் நின்றன.

“மை காட்” என்றாள் மெதுவாக. “பத்து வருஷமா இதை நூறு மீட்டர்லகூட நான் பாத்ததில்ல. என்ன சார் பண்ணீங்க?”

“கன்சர்வேஷன் மேடம்” என்றார் ரேஞ்சர். வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது.

“அந்த வெள்ளை என்னது?”

பெரிய துரை தலையை ஆட்டியது.

“கிளுவதான் மேடம்” என்றார் ரேஞ்சர். “வயசாளி. நரைச்சிட்டு.”

மேடம் அவரை ஒரு பார்வை பார்த்தாள். “வளர்ப்பு வாத்தா இருந்தா ரெக்கை தூக்காது, உடம்பு கனம். பறந்தா காட்டு வாத்து, பறக்கலேன்னா வளர்ப்பு. எழுப்பி விடுங்க, பாத்துடலாம்.”

ரேஞ்சர் கை தட்டினார். குணா கோணியை உதறினான். கூட வந்தவர்கள் ஓவென்று கத்தினார்கள். ஒருவர் குடையைப் படக்கென்று விரித்தார். ஜீப் ஹாரன் அடித்தார்கள். வாத்து, கிளுவை, கொக்கு, ஒன்றும் கண்ணிமைக்கவில்லை. அத்தனையும் முருகையாவையே பார்த்துக்கொண்டிருந்தன.

“என்ன இது, எல்லாம் நோயாளியா?” என்றாள் மேடம்.

“அண்ணே, ஏதாவது செய்யுங்கண்ணே” என்று ரேஞ்சர் அவர் காதில் கெஞ்சினார்.

முருகையாவுக்குத் தெரியும், பிரட்டு முடியவில்லை. இன்னும் ஒரு பேர் பாக்கி.

“முருகையா” என்று கூப்பிட்டார்.

பதில் இல்லை.

“முருகையா!” கொஞ்சம் உரக்க.

வரப்பில் இருந்த அத்தனை தலையும் ஒன்றாகத் திரும்பியது, குவார்ட்டர்ஸ் வாசலைப் பார்த்து. வாத்தும் கிளுவையும் கொக்கும் கோழியும் அந்தத் தகரக்கூரை வாசலைப் பார்த்துக் காத்து நின்றன. மேடமும் திரும்பிப் பார்த்தாள். வாசலில் யாரும் இல்லை. ஒரு கொடிக்கயிறு, அதில் யாரும் எடுக்காமல் விட்ட ஒரு சேலை.

முருகையா டின்னைக் கீழே வைத்தார். வரப்பிலிருந்து இறங்கி நடந்தார். அவசரமில்லாத நடை. அத்தனை கண்ணும் அவர் கூடவே நடந்தன. சேலைக்கு அடியில் குனிந்து, வாசலில் ஏறி, உள்ளே போய், தேத்தண்ணிக் கிளாஸை எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

“இருக்கேன்” என்றார்.

சத்தம் போதவில்லை. பின்வரிசைக் கொக்குகள் கழுத்தை நீட்டின.

“இருக்கேன்!”

பிறகு அதே நடையில் வரப்புக்குத் திரும்பினார். குணா கோணிப்பையின் வாயை விரித்துப் பிடித்து, பெரிய துரைக்கு நேர் பின்னால், கிளுவைகள் எழுந்தால் வாத்தை அமுக்கிவிடுவதென்று தயாராகக் குந்தியிருந்தான். முருகையா அவனைப் பார்த்தார். கோணியைப் பார்த்தார். அதன் வாய்ப்பக்கம் மஞ்சள்தூள் ஒட்டியிருந்தது.

“எந்திரி தம்பி” என்றார்.

“க்யோன் பெரியவரே?”

“பிரட்டுல குந்தக்கூடாது.”

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, குணா எழுந்து, கோணியைப் பின்னால் மறைத்துக்கொண்டு, வரிசையில் நின்றுவிட்டான்.

“ம், போங்க” என்றார் முருகையா. “வேலையப் பாருங்க.”

அதை ஏன் சொன்னார் என்று பிறகு பலர் கேட்டார்கள். பிரட்டு முடிந்தால் அதைத்தான் சொல்ல வேண்டும், வேறென்ன சொல்வார்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார்.

முதலில் கிளுவைகள் எழுந்தன. ஆயிரம் பாயை ஒரே நேரத்தில் உதறியது போல ஒரு சத்தம். அந்தக் காற்றில் மேடத்தின் தொப்பி போயிற்று, குணாவின் மிச்சச் செருப்பும் போயிற்று. நாள் கணக்காகச் சொல்லுக்குக் காத்திருந்த வாத்துகளும் ரெக்கையை விரித்தன. பிறந்ததிலிருந்து வரப்புக்கும் தண்ணீருக்கும் நடந்தே பழகிய ஜாதி. சின்னக் கங்காணி எழுந்தது, கணக்கப்பிள்ளை எழுந்தது, ரெங்கம்மா எழுந்தது. கிளுவைகள் கிளப்பிய காற்று கீழேயிருந்து தூக்கியதா, கூட்டத்தோடு கூட்டமாகத் தாங்கள் யார் என்பதை மறந்தனவா, சொல்வதற்கில்லை. பெரிய துரை மட்டும் வரப்பிலேயே கொஞ்ச தூரம் ஓடிற்று. தொப்பை தரையில் உரசிற்று. பிறகு அதுவும், எல்லாவற்றுக்கும் கடைசியாக, மேலே போயிற்று.

மேடம் தொலைநோக்கியை எடுத்து வெகுநேரம் பார்த்தாள். வெள்ளையாய் ஒன்று அலையாத்திக் காட்டுக்கு மேலே வட்டமடித்தது. ஒரு கடற்கழுகு எதிரே வந்து, பார்த்து, பயந்து விலகியது.

“பறக்குது” என்றாள்.

“பறக்குது மேடம்” என்றார் ரேஞ்சர். அவருக்கே நம்பிக்கையில்லை.

“அப்ப காட்டு வாத்துதான்.” தொலைநோக்கியை இறக்கிவிட்டு முருகையாவிடம் திரும்பினாள். “முருகையாங்கறது யாரு?”

“நாந்தாங்க.”

“நீங்களே கூப்பிட்டு, நீங்களே போய் பதில் சொன்னீங்க.”

“ஆமாங்க. ஆள் இல்லீங்க.”

அவள் கொடிக்கயிற்றுச் சேலையை ஒருதடவை பார்த்தாள். ஜீப்பில் ஏறும்போது ரேஞ்சரிடம், “இந்த வாச்சரை மாத்திடாதீங்க” என்று மட்டும் சொன்னதாகக் கேள்வி.

குணா வெறுங்கோணியோடு, வெறுங்காலோடு பஸ் ஏறினான். அன்று மெஸ்ஸில் கத்தரிக்காய்க் கறி. நன்றாக இருந்ததென்று சாப்பிட்டவர்கள் சொன்னார்கள்.

சாயந்தரம் முருகையா தகரத்தைத் தட்டினார். வாத்துகள் நடந்துதான் வந்தன. காலையில் நடந்தது எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்கிற மாதிரி, ஒன்றன் பின் ஒன்றாகக் கூட்டுக்குள் போயின. துரையை மட்டும் காணவில்லை. அது மின்கம்பத்தின் உச்சியில் மீன்கொத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இறங்கும் வழி தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தது. மூங்கிலைச் சாய்த்து அதை இறக்கி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது.

துரையைக் கூட்டில் விட்டுவிட்டு வந்து அடுப்பு மூட்டி, தேத்தண்ணி போட்டார். டப்பாவிலிருந்து வழக்கம்போல இரண்டு கரண்டி. ஒரு வாய் குடித்தார்.

கரித்தது.

வெளியே வந்து துப்பினார். கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே போய் இரண்டு டப்பாவையும் திறந்து, விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார். சர்க்கரை டப்பா நிறைய இருந்தது. உப்பு அடியில் கொஞ்சம்தான் இருந்தது. இரண்டையும் மூடி, இடம் மாற்றி வைத்துவிட்டு, தேத்தண்ணி குடிக்காமலே படுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து காலா காடியில் தினமும் பிரட்டு உண்டு. விடிந்ததும் முருகையா வரப்பில் நின்று எல்லாப் பேரையும் கூப்பிடுவார். கடைசியில் தன் பேரைக் கூப்பிடுவார். பிறகு இறங்கி, சேலைக்கு அடியில் குனிந்து, வாசலுக்குப் போய், குரல் கொடுத்துவிட்டு, வரப்புக்குத் திரும்புவார். அதுவரை காட்டுப் பறவையும் வீட்டுப் பறவையும் பொறுமையாக நிற்கும். ஆனால் பிரட்டு பிரட்டுதான். பேர் கூப்பிட்டதும் அங்கேயே நின்று குரல் கொடுக்க வேண்டும். நடந்து போய்க் கொடுத்தால் தாமதம். தாமதத்துக்கு என்ன உண்டோ அதைத்தான் அவர் போட்டுக்கொள்கிறார்.

இன்றுவரை அவருக்கு முழுப்பேர் விழவில்லை.